துடைப்பத்துக்குக் கம்பு கட்டிய பிறகு

பெண்கள் விடுதி வராந்தாவைப் பெருக்கி முடித்து நிமிரப் போனேன். இடுப்பு என்னோடு வரவில்லை. குனிந்தது குனிந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வகுப்புக்கு ஓடிய பிள்ளைகளில் ஒருத்தி, "என்னக்கா தேடுறீங்க?" என்றாள். "ஊக்கு விழுந்துருச்சு பாப்பா" என்றேன். பாவம், அவளும் கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து தேடினாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் எனக்குத் துப்புரவு வேலை. பள்ளிக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கிறவரைக்கும் அறை. என் கணவர் குருசு மரம் வெட்டப் போவார். மழை பிடித்துக்கொண்டால் அவருக்கு வேலை கிடையாது. அதனால் என் இடுப்பை நம்பித்தான் அடுப்பும் கூரையும் இருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் காலைத் தூக்கிப் பார்த்தார். நான் கத்தினேன். வட்டு பிதுக்கம் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் பகுதி வெளியே தள்ளி நரம்பை அழுத்துவது) என்றார். மெத்தை கூடாது, பலகையில்தான் படுக்கவேண்டும் என்றார். எங்கள் வீட்டில் மெத்தை ஏது? மருத்துவத்தில் அந்தப் பகுதி மட்டும் சுலபமாக முடிந்தது.

கால் மரத்துப்போனது மெல்லக் குறைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இனிமே குனிஞ்சு செய்யிற வேலை வேண்டாம்மா" என்றார்.

"குனியாத சோலி எங்கங்கய்யா கெடக்கு எங்களுக்கு?" என்று குருசு கேட்டார். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, எங்களைக் கமலம் என்ற இளம்பெண்ணிடம் அனுப்பினார். அவர் செய்வது தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலையைச் செய்யும் விதத்தை மாற்றி உடம்பைக் காப்பது). மாத்திரை தருவார் என்று காத்திருந்தேன். அவரோ, "நீங்க எப்படிப் பெருக்குவீங்க, காட்டுங்க" என்றார்.

பள்ளிக்கே வந்து பார்த்தார். என் துடைப்பத்துக்கு மார்பு உயரத்துக்கு ஒரு கம்பு கட்டினார். வாளியைக் கீழே வைக்காமல் முக்காலிமேல் வைக்கச் சொன்னார். வாளியில் பாதித் தண்ணீர் போதும், இன்னொரு நடை நடந்தால் குறைந்துபோகமாட்டோம் என்றார். கூட வேலை செய்த பாக்கியம் என் கம்பைப் பார்த்து, "ஏ திரேசா, தொரைசானி மாதிரில்ல நிக்கிற!" என்று கேலி செய்தாள்.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மழை தொடங்கியதும் வலி திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. கம்பும் தோற்றுவிட்டது, அறையும் போகப்போகிறது என்றே முடிவு செய்துவிட்டேன். பாத்திரங்களை எந்தச் சாக்கில் கட்டுவது என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் வெள்ளனே கமலம் சொல்லாமல் வந்து படிக்கட்டில் நின்றிருக்கிறார். நான் நிமிர்ந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். விடுதியைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரனம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று கம்பைக் கதவுக்குப் பின்னால் ஒளித்தேன். இடுப்பில் செருகியிருந்த பழைய கட்டைத் துடைப்பத்தை எடுத்துத் தரையோடு தரையாகக் குனிந்தேன். அவர் போனதும் மறுபடி கம்பு. டீச்சர் வந்தார், மறுபடி குனிந்தேன்.

"எதுக்கு ஒளிக்கிறீங்க?" என்றார் கமலம்.

"பெரியவங்க போகையில வெறைப்பா நின்னுக்கிட்டுப் பெருக்கலாங்களாம்மா? மருவாதி இல்லைங்களே."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னைக் கையோடு மேட்ரனம்மாவிடம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

மேட்ரனம்மா திகைத்துப்போனார். "நான் எப்ப திரேசா உன்னைக் குனியச் சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதே இல்லை. யாருமே சொன்னதில்லை. சொல்லாததற்கா இத்தனை வருஷம் என் முதுகைக் கொடுத்தேன் என்று ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரமே எல்லாத் துடைப்பத்துக்கும் கம்பு வந்தது. கேலி செய்த பாக்கியம்தான் முதலில் ஓடிப்போய் நல்ல கம்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கம்பு கட்டுவது எளிது. அதைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பதுதான் கடினம். என் இடுப்பு முழுசாகத் தேறவில்லை. பனி இறங்கினால் இன்றும் முறுக்கும். அப்போது அதன் பேச்சைக் கேட்டு உட்கார்ந்துகொள்கிறேன். முன்பெல்லாம் பொழுதோடு சண்டை போட்டு ஓடியவள் நான். ஆனால் வேலை போகவில்லை, அறையும் எங்களுக்கே இருந்தது.

கமலம் என்னை மேட்ரனம்மாவிடம் கூட்டிப்போன மறுநாள் காலை, மேட்ரனம்மா வந்தபோது உடம்பு தானாகக் குனியப் பார்த்தது. கம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மழைத் தண்ணி உள்ள வருது, வெரசா தொடைச்சிரு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவுதான். அத்தனை வருஷமும் செருப்பை வைத்தே அவரை அடையாளம் கண்டவளுக்கு, அவர் தாடையில் ஒரு மச்சம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.