வடக்கே ஒரு மீட்டர்

திருப்பதியில் வீடு கட்டியவர்களில் என்னைப் போல் அடம்பிடித்தவன் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். எங்கள் பக்கத்தில் நல்ல நாள் வந்தால் பூமி பூஜை போட்டுவிடுவோம். பிளான் அப்ரூவல் அதுபாட்டுக்குப் பின்னால் வரும். நானும் மனையின் வடகிழக்கு மூலையில் பூஜை போட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்து, வடக்கு எல்லையை ஒட்டியே அஸ்திவாரம் தோண்டிவிட்டேன். ஒரு அங்குலம்கூட விடவில்லை.

அந்தப் பேராசைக்குக் காரணம் என் நைனா. நகரியில் பவர்லூம் கொட்டகையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே காலத்தைக் கழித்தவர். அம்மா போன பிறகு அங்கே தனியாக இருந்தார். எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தால் இரண்டு நாள் தாங்க மாட்டார். ஜன்னலுக்கு வெளியே கைநீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர். மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். சொந்த வீட்டில் பெரிய அறையாகக் கட்டினால் எங்களோடு தங்கிவிடுவார் என்று நம்பினேன்.

சச்சிவாலயம் என்று நாங்கள் சொல்லும் வார்டு அலுவலகத்திலிருந்து, கட்டடங்களைச் சரிபார்க்கும் பெண் டேப்போடு வந்து இறங்கினார். வயதில் என் தங்கை மாதிரி. வடக்கே ஒரு மீட்டர் காலி விடாமல் கையெழுத்துப் போட முடியாது என்று தெலுங்கில் சொன்னார். நான் பிடிவாதம் பிடித்தேன். பூஜை போட்ட இடம் வீட்டுக்கு வெளியே போய்விடும், அது குடும்பத்துக்கு ஆகாது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"சார், ஈசானியத்தைக் காலியா விடணும்னுதானே உங்க வாஸ்துவும் சொல்லுது? நானும் அதைத்தான் சொல்றேன்."

அவர் போனதும் மேஸ்திரி ஒரு வழி சொன்னார். பேப்பரில் இடம் விட்டதாகக் காட்டுவோம், கையெழுத்து வாங்கிக்கொண்டு சுவரை நகர்த்திக்கொள்வோம் என்றார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன. எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பெண் வாரம் தவறாமல் வந்து எட்டிப் பார்த்ததில் அதற்கு வழியில்லாமல் போயிற்று. தோண்டிய பள்ளத்தை மூடினோம். நைனாவின் அறை சுருங்கி, ஒரு கட்டிலும் நடக்கக் கொஞ்சம் இடமும் என்று ஆனது. அகலம்தான் போயிற்று, ஜன்னலையாவது பெரிதாக வைப்போம் என்று மேஸ்திரி அந்த வடக்குச் சுவரில் இரட்டை ஜன்னல் வைத்தார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சரி என்றேன்.

பக்கத்து மனைக்காரரும் கட்ட ஆரம்பித்தார். அவரையும் அந்தப் பெண் விடவில்லை. இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு இடம் நின்றது. அதில் மதியம்கூடக் காற்று ஓடியது. அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தவன் நான். இன்று அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த நைனா அந்தச் சின்ன அறையில் படுத்தார். மூன்றாம் நாள் காலை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார் என எதிர்பார்த்துக்கொண்டே காபி கொண்டுபோனேன். ஜன்னல் பக்கம் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவர் அப்படி மல்லாந்து தூங்கி நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. கண் விழித்துக் காபியை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"என் ரேஷன் கார்டை இந்த ஊருக்கு மாத்திக்கினு வந்துடு."