றெக்சனின் பாட்டுப்பெட்டி

புதுப் பொருள் எதுவானாலும் றெக்சன் முதலில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு காதோரம் வைத்து மெல்லக் குலுக்குவார். தேநீர்க் கோப்பையோ, மணிக்கூடோ, குடையோ, இந்தச் சோதனைக்குத் தப்பாது. "உள்ளுக்குள்ள ஒண்டும் ஆடேல்ல, நல்ல சாமான்" என்று சொன்னால் அது வீட்டுக்கு வரும். ஏதாவது குலுங்கிவிட்டால் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்குப் பிறகு கடைக்காரர் எத்தனை சொன்னாலும் அவர் கை அந்தப் பக்கம் போகாது.

பிறந்த சில மாதங்களிலேயே அவருக்குப் பார்வை போய்விட்டது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தொலைபேசி அழைப்புகளை எடுத்து உரியவர்களுக்குக் கொடுப்பது அவருடைய வேலை. மறுமுனையில் ஒருவர் தொண்டையைச் செருமும்போதே, அவர் சண்டைக்கு வருகிறாரா, உதவி கேட்டு வருகிறாரா என்று றெக்சனுக்குத் தெரிந்துவிடும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சில நாள் அவர் பிழையாகவும் ஊகிப்பார். அப்போது, "அந்தாளுக்குத் தடிமன் போல" என்று பழியைச் சளியில் போட்டுவிடுவார்.

மதிய இடைவேளையில் மட்டும் அவரோடு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடியதும் வெளி விறாந்தையில், துறைமுகக் காற்று வருகிற மூலையில் கதிரையைப் போட்டுக்கொள்வார். "காலமை முழுக்கக் கதைச்ச வாய்க்கு இப்ப லீவு" என்று காதுகளில் ஒலிக்குமிழ்களை மாட்டுவார். சட்டைப்பையில் இருக்கும் சிறிய பாட்டுப்பெட்டியின் சக்கரம் போன்ற சில்லை விரலால் உருட்டுவார். கர்நாடக வயலினும் கோயில் பாடற்குழுவும் பழைய வானொலி மெல்லிசையும் அதற்குள் இருந்தன. எந்தப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறதென்பது அவருடைய பெருவிரலுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிதான் போன மாரி மழைக்காலத்தில் செத்துப்போனது. பற்றரி வீங்கி, முதுகு போறணையில் வெந்த பாண் ரொட்டி போல உப்பிவிட்டது. வெடித்துவிடும் என்று பயந்த அவருடைய மனைவி நிலுஷா, அதை ஒரு மண்சட்டிக்குள் வைத்து லிங்கநகர் வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் விட்டார். நிலுஷா அன்புவழிபுரத்தில் சிறுவர் வகுப்புப் படிப்பிப்பவர். எதற்கும் வழி வைத்திருப்பவர். "போனிலயே கேக்கலாம்தானே. எல்லாப் பாட்டும் அதில இருக்கு" என்றார்.

றெக்சனிடம் நல்ல போன் இருக்கிறது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரலும் அதில் இருக்கிறது. அந்தக் குரல்தான் அவருக்குக் கடிதம் வாசிப்பதும் வழி சொல்வதும். அதன்மேல் அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் பாட்டு கேட்கிற நேரத்தில் அதைப் பொறுக்க முடிவதில்லை.

"அந்த மனுசன் வயலினில ராகத்தை இழுத்துக்கொண்டு மேல மேல போறார். உச்சியில போய் நிக்கேக்க ஒருத்தி வந்து, பற்றரி குறைஞ்சு போச்சு எண்டு சொல்லுறாள். நீர் கோயிலில கண்ணை மூடிக்கொண்டு நிக்கேக்க ஆரும் வந்து தோளில தட்டினால் எப்பிடி இருக்கும்?"

நிலுஷா அதற்குமேல் போனைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை றெக்சன் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே கலீலுர் றஹ்மானுக்கு ஒரு மின்சாதனக் கடை. அவர் கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். அறுபதை நெருங்கியவர். றெக்சனுக்கு அவர் அண்ணன் முறையில் நானா, அவருக்கு றெக்சன் தம்பி. ஒலி துல்லியமாகக் கேட்கிற, கையில் கொண்டு திரியக்கூடிய பெட்டிகளில் ஆகத் திறமானது வேண்டும் என்று றெக்சன் கேட்டார். கலீலுர் றஹ்மான் கொழும்புக்குச் சொல்லி ஒன்றை எடுப்பித்து வைத்தார். அது வந்ததும் றெக்சன் மறுபடி கடைக்குப் போனார். பாரமான, வழுவழுப்பான பெட்டி. தட்டிப் பார்த்ததில் குறையில்லை. குலுக்கியதிலும் குறையில்லை. ஆனால் றெக்சனின் விரல்கள் அதன் முகம் முழுவதும் ஊர்ந்துவிட்டு வெறுமையாகத் திரும்பின.

"இது மொட்டைச் சுவர் மாதிரிக் கிடக்கு நானா. எங்க பிடிச்சு ஏறுறது?"

"எல்லாம் கண்ணாடிக்குள்ளதான் இரிக்கி தம்பி. இப்ப வாறது எல்லாமே இப்பிடித்தான். உங்கட போனில பேசுற மாதிரி இதிலயும் பேச வைக்கலாம்."

"பேசாமல் இருக்கிறதுக்குத்தானே நான் பெட்டி தேடுறன்."

கடையில் வேலை செய்யும் பஸ்மியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒலியையாவது கேட்டுப் பாருங்கள் சேர் என்று அவள் ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போட்டாள். ஒன்று சுருக்கிச் சின்னதாக்கிய பதிவு, மற்றது சுருக்காத பெரிய பதிவு. தன் காதைப் பற்றி றெக்சனுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. தலையைச் சரித்து, இரண்டையும் கேட்டு, சற்றும் யோசிக்காமல் சொன்னார்.

"ரெண்டாவதுதான் பெரிசு. வில்லு கம்பியில பட முந்தி மூச்சிழுக்கிறது கேக்குது."

"இல்ல சேர். முதலாவது."

றெக்சன் காதுக்குமிழ்களைக் கழற்றினார். "உங்கட மின்விசிறி போடுற சத்தத்தில என்னத்தைக் கேக்கிறது தங்கச்சி" என்றார். பஸ்மியா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

வீட்டில் நிலுஷாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "எனக்கு வித்தியாசம் விளங்கேல்ல நிலு."

"அப்ப ஏன் அவ்வளவு விலைப்பட்ட பெட்டி? பட்டன் வச்ச சின்னன் ஒண்டு போதாதோ?"

றெக்சன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "பக்கத்து வீட்டில சுவரளவு டீவி வாங்கினவை. அவைக்கு அந்தப் படப்புள்ளியெல்லாம் தனித்தனியா விளங்குதோ எண்டு ஆரும் சோதினை வச்சதோ? நல்லது வேணும் எண்டு ஆசைப்படுறதுக்கு எனக்கு மட்டும் ஏன் காரணம் கேக்கினம்?"

அதற்கு அடுத்த வாரம் நிலுஷாவும் கூடப் போனார். இந்த முறை கலீலுர் றஹ்மானின் குரலில் ஒரு சந்தோசம் தெரிந்தது. உள் அலுமாரியைத் திறந்து எதையோ எடுத்து வந்து றெக்சனின் உள்ளங்கையில் வைத்தார். நேர்த்தியான உலோகப் பெட்டி. பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். மேல் மூலையில் பல் வைத்த ஒரு சில்லு. உருட்டினால் ஒவ்வொரு பல்லும் விரலில் மெல்ல இடறியது. றெக்சன் தட்டினார். குலுக்கினார். காதில் மாட்டி ஒரு பாட்டைப் போட்டு, அடுத்ததற்குத் தாண்டி, பின்னால் வந்து, ஒலியைக் கூட்டிக் குறைத்தார். ஒரு பிழையும் விடவில்லை. அவருடைய முகம் விரிந்துகொண்டு போனதை நிலுஷாவும் பஸ்மியாவும் பார்த்தபடி நின்றார்கள்.

"இதுதான் நானா. என்ன விலை?"

"விலை ஒண்டும் வேணாம் தம்பி. வெளிநாட்டால வந்த ஒராள் கீழ போட்டுப் பழுதாக்கிட்டு இங்கேயே விட்டுட்டுப் போனது. திரை செத்துப் போய் இரிக்கி. மத்த ஆக்களுக்கு உதவாது. உங்களுக்குத் திரை தேவையில்லதானே. பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல."

நிலுஷாவுக்கு மனது நிறைந்துவிட்டது. இப்படியும் பொருத்தம் அமையுமா என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் றெக்சன் காதிலிருந்து குமிழ்களை எடுத்தார். வயரை ஒழுங்காகச் சுற்றினார். பெட்டியைக் கண்ணாடி மேசையில் சத்தமில்லாமல் வைத்தார்.

"உடைஞ்சதை ஆருக்குக் குடுக்கலாம் எண்டு யோசிக்கேக்க என்ர முகம் ஞாபகம் வந்ததாக்கும்."

"ஐயோ தம்பி, நான் அப்பிடி நினைச்சுத் தரல்ல."

"தெரியும் நானா. நீங்கள் நல்ல மனதோடதான் தந்தனீங்கள். எனக்குத்தான் எடுக்க ஏலாமல் கிடக்கு."

கலீலுர் றஹ்மான் மேசைக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிலுஷா பொறுக்கமாட்டாமல் கேட்டார். "அந்தாள் பாவம். உங்களுக்கும் அவ்வளவு பிடிச்சுப்போச்சு. திரை இருந்தால் என்ன, இல்லாட்டி என்ன?"

"எனக்குத் தேவையில்லைத்தான். நான் தனியாவோ இருக்கிறன்? பக்கத்தில நீர் இருக்கிறீர். வேலை செய்யிற கந்தோரில ஆரும் வந்து, என்ன றெக்சன் கேக்கிறீர் எண்டு கேட்டால், இந்தா பாரும் எண்டு காட்டவேண்டாமோ? என்ர சாமான் எண்டால் அதில ஒண்டுமே தெரியத் தேவையில்லை எண்டு எல்லாரும் ஏன் முடிவெடுக்கினம்? எங்கட வீட்டு மின்குமிழும் எனக்குத் தேவையில்லைத்தானே. அதைக் கழட்டி வச்சனானோ?"

நிலுஷாவுக்குக் குற்ற உணர்வாக இருந்தது. தானும் அதையேதான் நினைத்ததாக அவர் சொல்லவில்லை. கணவரின் முழங்கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். றெக்சனுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வீடு வரும்வரை, பஸ்மியா மின்விசிறியை நிறுத்திய கதையைத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

நாட்கள் போயின. மதிய இடைவேளையில் றெக்சன் காதில் எதுவும் மாட்டாமல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். சக ஊழியர்கள் இதுதான் தருணம் என்று கதைக்க வந்தார்கள். அவர் எல்லோருக்கும் மறுமொழி சொன்னார், கொஞ்சம் எரிச்சலோடு.

ஒருநாள் முற்பகல் அலுவலகத் தொலைபேசி அடித்தது. "வணக்கம், ஆரோட கதைக்க வேணும்?" என்றார் வழக்கம்போல. மறுமுனையில் ஓர் இருமல். அவருக்கு உடனே ஆளைத் தெரிந்துவிட்டது.

"உங்களோடதான் தம்பி" என்றார் கலீலுர் றஹ்மான். "அதே மாதிரிப் பெட்டி. கம்பனிக்காரன் இப்ப செய்யிறதை நிப்பாட்டிட்டான். கொழும்பில ஒரு கடையில திறக்காத ஒண்டு கிடந்திச்சி. சொல்லி வச்சி எடுப்பிச்சன். திரை நல்லா எரியிது, நானே பாத்த. விலை, விலைதான். ஒரு சதமும் குறைக்கமாட்டன்."

றெக்சன் தொலைபேசியைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

"குறைச்சால் நான் வாங்கமாட்டன் நானா" என்றார்.

"தெரியும். அதான் முதலே சொன்ன."

சனிக்கிழமை இருவரும் போய் அதை வாங்கினார்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்கி, நிலுஷாவின் கைப்பையில் வைத்தார் றெக்சன். கலீலுர் றஹ்மான் தேத்தண்ணி வரவழைத்தார். றெக்சனின் போனில் இருந்த பாட்டுகளைப் பஸ்மியா அதில் ஏற்றிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல், றெக்சனும் நிலுஷாவும் உள்துறைமுகத்துக் கரைக்கட்டின் மேல் போய் உட்கார்ந்தார்கள். ஒரு குமிழ் அவர் காதில், மற்றது நிலுஷாவின் காதில். றெக்சன் சில்லை உருட்டினார். வயலின் எழுந்தது.

"இப்ப திரையில என்ன காட்டுது?" என்று கேட்டுப் பெட்டியை மனைவியின் பக்கம் திருப்பினார்.

நிலுஷா குனிந்து கண்களைச் சுருக்கினார். "ஏதோ படம் ஒண்டு இருக்கு. வெயிலில ஒண்டும் தெரியேல்ல."

றெக்சன் முகத்தைச் சற்று உயர்த்தி, எந்தக் கன்னத்தில் வெயில் சுடுகிறதென்று பார்த்தார். பிறகு அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் குவித்துத் திரைக்கு மேலே நிழலாகப் பிடித்தார். நிலுஷா பார்த்து முடிக்கும்வரை அந்தக் கையை அவர் அசைக்கவில்லை.