பொத்தான் டப்பாவில் இருந்த கண்ணாடி

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குத் தொடரம்மா என்று பெயர். இருபத்தாறு வருஷமாக வாரம் தவறாமல் தொடர்கதை எழுதுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? காய்ச்சலோடு எழுதியிருக்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போன இடத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தும் எழுதியிருக்கிறாள். வாசகர்களை அழவைக்காத வாரத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

கதை எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டால், "ரெண்டு காது இருக்கே, போதாதா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது அந்தப் பதிலை நினைத்தாலே அவளுக்குக் கூசியது.

முடிந்துபோன தொடர் ஒன்றைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் கேட்டிருந்தார். திருத்தித் தரவேண்டிய தாள்கள் பத்து நாளாக மேஜைமேல் கிடந்தன. இருபத்துமூன்றாம் அத்தியாயம் வரை சிவப்புப் பேனா ஓடியது. அங்கே நின்றுவிட்டது.

அந்த அத்தியாயத்தில் ஒரு டாக்டரின் மனைவி, சண்டை போட்ட கோபத்தில் கணவனின் மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைக்கிறாள். வீடு முழுக்கத் தேடிவிட்டு அவன் கண்ணாடி இல்லாமலே வெளியே போகிறான். சாலையைக் கடக்கும்போது லாரி மோதுகிறது. அவன் திரும்பி வரவேயில்லை. அந்த வாரம் வந்த கடிதங்களை வைக்க அலுவலகத்தில் இடம் போதவில்லை.

நடந்தது என்னவோ அவள் அக்காவுக்கு.

அக்கா தையல்காரி. அத்தான் விபத்தில் இறந்துபோன இரண்டாம் வருஷம், ஒரு சட்டைக்குத் தையல் பிரித்துக்கொண்டே தங்கையிடம் இதைச் சொன்னாள். "உன்னோட போகட்டும்டி. எம் பொண்ணுக்கு மட்டும் தெரியவே கூடாது." சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று தொடரம்மா வாக்குக் கொடுத்தாள். சொல்லவும் இல்லை. எழுதத்தான் செய்தாள்.

எழுதும்போது ஆளை மாற்றிவிடுவது அவள் வழக்கம். தையல்காரியை டாக்டர் மனைவி ஆக்கினாள். குள்ளத்தை உயரமாக்கினாள், கறுப்பைச் சிவப்பாக்கினாள், வாடகை வீட்டை மாடி வீடாக்கினாள். கண்ணாடியை ஒளித்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். அக்காவின் பொத்தான் டப்பா.

"டாக்டர் வீட்ல பீரோ கிடையாதா மேடம்? போயும் போயும் பொத்தான் டப்பாவுலயா ஒளிப்பாங்க?" என்று துணை ஆசிரியர்கூடக் கேட்டார்.

"அது அப்படியே இருக்கட்டும் தம்பி."

மறந்துபோய் விட்டதல்ல. கண்ணாடிமேல் பொத்தான்கள் சரிந்து விழும் சத்தம் என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அதை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை. அக்காவுக்குப் படிக்க நேரமேது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாரப் பத்திரிகைதானே, அடுத்த வாரம் பழைய பேப்பர்.

புத்தகம் அப்படியில்லை, அது அலமாரியில் நிற்கும். போன வாரம் வெளியூரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள்.

"சித்தி, புக் வருதாமே. மொத காப்பி எனக்குத்தான், சொல்லிட்டேன். வாராவாரம் காத்துக் கிடக்க எனக்குப் பொறுமை இல்ல. மொத்தமா ஒரே மூச்சுல படிக்கப் போறேன்."

பன்னிரண்டு வயதில், ஸ்கூல் சட்டைக்குப் பொத்தான் தேடப்போய், அந்த டப்பாவிலிருந்து அப்பாவின் கண்ணாடியை எடுத்தவள் அவள்தான். மறதியில் அவரே வைத்திருப்பார் என்று அக்கா சொன்னதை இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

பதினோராம் நாள் தொடரம்மா அக்காவின் கடைக்குப் போனாள்.

"வாங்க பெரிய எழுத்தாளரே. வழி ஞாபகம் இருந்துச்சா?" அக்கா ஒரு பேண்ட்டின் காலைக் குட்டையாக்கிக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான்கா வந்தேன்."

"நீ சும்மா வர்ற ஆளா? அந்தத் துணிய நகர்த்திட்டு உக்காரு. கசக்கிடாத, கஸ்டமரோடது."

அலமாரியில், அக்கா பொத்தான் போட்டு வைக்கும் நீல நிற பிஸ்கட் டப்பா இருந்தது. தொடரம்மா அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"இருபத்துமூணாவது வாரத்தச் சொல்றியா?" மெஷின் நிற்கவில்லை.

"படிச்சியா?"

"ஒரு கஸ்டமரம்மா கொண்டாந்து குடுத்தாங்க. 'உங்க தங்கச்சி மனச உலுக்கிட்டாங்க'ன்னு ஒரே அழுகை. அன்னிக்கு அவங்களுக்கு எடுத்த அளவு ரெண்டு இஞ்ச் தப்பாப் போச்சு."

"எட்டு மாசமாச்சே. ஏன்க்கா கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன்."

கதாநாயகிகளுக்கு வாரி வாரிக் கொடுத்த கண்ணீரில் ஒரு சொட்டுகூட அவளுக்கு வரவில்லை. "புத்தகமே வேணாம்னு சொல்லிடறேன்க்கா."

அக்கா மெஷினை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்தாள். "கண்ணாடிய எழுதினதுகூடப் போகட்டும்டி. நடந்ததுதானே. கடைசி ரெண்டு வாரம் எழுதினியே, மக அம்மாவக் கட்டிப்பிடிச்சு மன்னிச்சிட்டான்னு. அத யாரக் கேட்டு எழுதின?"

"படிக்கிறவங்களுக்கு மனசு ஆறணுமேன்னு..."

"எனக்கும் ஆறிடுச்சு. எம் பொண்ணே வந்து மன்னிச்ச மாதிரி ரெண்டு நாள் அப்படி ஒரு நிம்மதி. மூணாம் நாள் போன் பண்ணி, 'சாப்பிட்டியாம்மா'ன்னா. அப்பத்தான் உறைச்சுது, அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு."

தொடரம்மா பக்கத்திலிருந்த கஸ்டமர் துணியை மடித்து வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றா. நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் அந்தத் தாள யார்கிட்டயும் குடுக்காத."

"நானும் கூட இருக்கட்டுமாக்கா?"

"வேணாம். நீ இருந்தா பாத்துக்கிட்டே இருப்ப. பாத்தா எழுதிடுவ." அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்வதுபோல் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில், 'ரெண்டு இஞ்ச் தப்பாப் போச்சு' என்ற வரி அவள் மனசில் திரும்பத் திரும்ப ஓடியது. கை தானாகப் பையிலிருந்த நோட்டைத் தேடிப் போயிருந்தது. சூடு பட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் வந்தது.

"சொல்லிட்டேன்."

"என்னக்கா சொன்னா?"

"அது உனக்கு வேணாம்டி. தாளக் குடுத்துடு." பிறகு, "சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"சாப்பிடு." போன் வைக்கப்பட்டது.

கடைசி இரண்டு அத்தியாயங்களையும் பக்கத்துக்கு ஒரு கோடாக அவள் அடித்தாள். மகள் டப்பாவைத் திறந்துவிட்டுத் தாயை நிமிர்ந்து பார்க்கும் இடத்தோடு கதை நின்றது.

பதிப்பாளர் பதறினார். "என்ன மேடம், மக மன்னிக்கிற இடத்தையே காணோமே? ஜனங்க உருகினதே அதுக்குத்தானே?"

"மன்னிச்சாளா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

புத்தகம் வந்தது. அக்கா மகளிடமிருந்து அதற்குப் பின் போன் இல்லை. இருந்தாலும் முதல் காப்பியைத் தொடரம்மா அவளுக்கென்று எடுத்து வைத்தாள். ஆயிரம் பேருக்கு அன்புடன், ஆசியுடன் என்று கையெழுத்துப் போட்ட கை முதல் பக்கத்தில் வெகுநேரம் தயங்கியது. கடைசியில் 'சித்தி' என்று மட்டும் எழுதினாள். அந்த வார்த்தையையும் அடிக்க வேண்டுமென்றால் அவளே கோடு போட்டு அடித்துக்கொள்ளட்டும் என்று உறையை ஒட்டினாள்.