மல்லாட்டை அளவு காயம்

திண்டிவனத்து மருத்துவமனை ஒன்றில் மாவுக்கட்டுப் போடும் அறையில் பாக்கியராஜுக்கு இது இருபத்து மூன்றாவது ஆண்டு. சென்ற ஆண்டு எலும்பு முறிந்து, அதன்மேல் தோலும் கிழிந்து வந்த பெரியவர்கள் அறுபத்தொரு பேர். முறிவுகளின் மொத்தக் கணக்கில் இது சிறு பங்குதான். இருபத்தேழு பேருக்கு விரல். கதிரடிக்கும் மெஷினும் கார்க் கதவும் செய்த வேலை. பதினாறு பேருக்கு முழங்காலுக்குக் கீழே, பெரும்பாலும் பைபாஸில் பைக். பன்னிரண்டு பேர் மரத்திலிருந்தும் மாடியிலிருந்தும் விழுந்தவர்கள். மீதி ஆறு பேரும் அறுபதைக் கடந்த பெண்கள், நடக்கும்போது வழுக்கியவர்கள். வழுக்கினாலே இப்படி ஆகும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கடந்த வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு வல்லத்திலிருந்து குமரேசன் தன் தாய் கிருஷ்ணவேணியை ஆட்டோவில் கொண்டுவந்தான். கணுக்கால் வீங்கியிருந்தது. காயத்தின் மேல் காப்பித்தூளை அப்பியிருந்தார்கள். பாக்கியராஜ் அதைக் கழுவினார். மல்லாட்டைப் பருப்பளவு, ஒரு வேர்க்கடலை அளவு ஓட்டை.

"வண்டி எதுனா மோதுச்சா?"

"இல்லண்ணே, வரப்புல வழுக்கிட்டாங்க. சின்னக் காயம்தான? டாக்டரு ஆபரேஷன்ல இருக்காராம். நாங்க ஊர்லயே மூங்கில் பத்தை வச்சுக் கட்டிக்கிறோம்."

பாக்கியராஜ் கிண்ணத்தை நீட்டினார். கழுவிய ரத்தத்தின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன.

"கறிக்குழம்பு மாதிரி இருக்கு பாரு. இது எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்பு. விழுந்தப்ப எலும்பு வெளிய வந்துட்டு, சேத்தோட உள்ள போயிருக்கு. மேல கட்டுனா உள்ள சீழ் பிடிச்சுக்கும். கால எடுக்க வேண்டி வரும்."

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல. அதான் டாக்டரைக் கூப்பிடப் போறேன். பத்து நிமிஷம் நில்லு."

குமரேசன் வெளியே நின்ற ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தான். பாக்கியராஜ் நகராமல் வாசலை மறித்து நின்றார்.

"டேய், ஆட்டோவ அனுப்புடா," என்றாள் கிருஷ்ணவேணி. "நீ ஜல்தியா வூட்டுக்குப் போவணும்னு என் கால் ஏன் போவணும்?"

ஆட்டோ போயிற்று. பாக்கியராஜ் ஆள் அனுப்ப, மருத்துவர் ஆபரேஷனை முடித்து வந்து ஊசி போடச் சொன்னபோது மணி பதினொன்று ஐந்து. பாக்கியராஜ் ஈரத்துணியால் காயத்தை மூடி, பலகை வைத்துக் காலை அசையாமல் கட்டி, ஆம்புலன்ஸில் ஏற்றினார். விழுப்புரம் பெரிய மருத்துவமனையில் அன்று பிற்பகலே காயத்தைத் திறந்து கழுவினார்கள். முறிவின் இடுக்கிலிருந்து ஒரு புல் துணுக்கு வந்தது. கால் தப்பியது.