பரஸ்தானப் பையும் ஏற்காட்டு ஏரிக்கரை அறையும்

ஏற்காட்டைப் பார்த்துவிட்டு அன்றே இறங்கிவிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பெரிதாக உதவாது. ஏரிக்கரையில், நல்ல ஓட்டலில், இரண்டு இரவு வசதியாகத் தங்க வேண்டும் என்று நினைத்து, அதற்கு அரியலூர் போன்ற ஊரிலிருந்து கடிதம் மூலமே ஏற்பாடு செய்ய வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் போனது 1983 மே மாதத்தில், நான், அப்பா, அம்மா என மூன்று பேர்.

போன காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்து ஆர்டர் வந்திருந்தது. ஜூன் மாதம் சேர வேண்டும். விடுதியில் தங்க வேண்டும். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான்கைந்து நாள் கழித்துச் சாப்பிடும்போது, "தனியா ஒரு ஊர்ல சமாளிப்பேங்கற. எங்கள ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போ. எல்லாம் நீதான் பாத்துக்கணும். ஒரு கொறையில்லாம கூட்டிட்டு வந்துட்டின்னா, கோயம்புத்தூருக்குக் கெளம்பு" என்றார்.

எந்த இடம் என்று கேட்டேன். ஏற்காடு என்றார். ஓட்டலையும் அவரே சொன்னார். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் பிரிவில் மேஸ்திரி. பல வருடம் முன்பு ஏற்காட்டு மலையில் பாக்சைட் வெட்டும் இடத்தைப் பார்க்க அதிகாரி ஒருவர் போனபோது கூடப் போயிருக்கிறார். அதிகாரி ஏரிக்கரை ஓட்டலில் தங்கினார். அப்பா இரண்டு இரவும் வெளியே ஜீப்பில் படுத்திருந்தார். இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. ஏரித் தண்ணீரில் அந்த ஓட்டலின் விளக்குகள் தெரிந்ததைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார்.

சீசன் காலத்தில் அறைக்கு ஆறு வாரம் முன்பே எழுத வேண்டும். நான் ஏப்ரல் முதல் வாரம் எழுதினேன். அந்தக் கடிதத்தைப் பதினோரு முறை திருத்தி எழுதியிருப்பேன். ஏரியைப் பார்த்த அறையா, வெந்நீர் எந்த நேரம் வரும், சைவச் சமையல் தனியாக நடக்கிறதா என்று எல்லாம் கேட்டிருந்தேன். அறை வாடகை நாளுக்கு நூற்று அறுபது ரூபாய், ஒரு நாள் வாடகையை முன்பணமாக மணியார்டரில் அனுப்ப வேண்டும். பத்து நாளில் பதில் வந்தது. அதன் அடியில் இரண்டு விதிகள் இருந்தன. இந்தக் கடிதத்தைக் கொண்டுவராதவருக்கு அறை தரப்படாது. மாலை நான்கு மணிக்குள் வராவிட்டால் அறை வேறொருவருக்குப் போகும்.

புறப்பாடு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், ஏற்காடோ மேற்கே. அம்மா அதற்குப் பரிகாரமாகப் பரஸ்தானம் வைக்க வேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். புறப்படும் நாள் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றை வீட்டிலிருந்து வெளியேற்றி வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு வீடு தள்ளியிருக்கும் சரோஜா அக்கா வீட்டில் வைப்பதாக முடிவானது.

ஒரு பழைய சேலையை மஞ்சப்பையில் போட்டேன். அம்மா விடவில்லை. "பேருக்கு வைக்காத. எது இல்லாம போக முடியாதோ அத வையி." யோசித்துப் பார்த்தால் அது ஓட்டல் கடிதம்தான். சேலையை எடுத்துவிட்டு, அதையும் மணியார்டர் ரசீதையும் பையில் வைத்து, வியாழன் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளி காலை ஐந்து மணிக்கு சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் அரைத் தூக்கத்தில் கதவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் பை தொங்கியது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெரம்பலூருக்கு முதல் பஸ் ஐந்தரைக்கு, டிக்கெட் இரண்டு ரூபாய் எண்பது காசு. ஆறு முப்பத்தைந்துக்குப் போய்விட்டோம். அங்கிருந்து ஆத்தூர் பஸ் ஏழு பத்துக்கு, ஐந்து ரூபாய் நாற்பது காசு. வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் வழியாகப் போகும். வலது பக்கம் உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்கும், இடது பக்கம் உட்காருங்கள். அப்பா வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடது ஜன்னலோரம்தான் உட்காருவார். நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

ஒன்பது மணிக்கு ஆத்தூர். அம்மாவும் அப்பாவும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கடிதத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று பையைத் திறந்தேன். உள்ளே ஒரு ரேஷன் கார்டும், மடித்த சர்க்கரைப் பையும் இருந்தன. கார்டில் சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் பெயர்.

பையைத் திருப்பிப் பார்த்தேன். சித்திரையில் உடையார்பாளையத்தில் நடந்த கல்யாணத்தில் தாம்பூலத்துக்குக் கொடுத்த பை. மணமக்கள் பெயர் அச்சிட்டிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் தெருவே போயிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் அதே பைதான்.

திரும்பிப் போனால் அரியலூர் சேர மதியம் ஆகிவிடும். நான்கு மணிக்குள் ஏற்காடு நடக்காது. சொன்னால், அப்பா திட்டமாட்டார், "சரி, வூட்டுக்குப் போவோம்" என்பார். கோயம்புத்தூரும் அதோடு முடிந்தது. நான் பையை மூடினேன். சொல்லவில்லை.

"ஏன் செல்வி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"பஸ்சு ஒத்துக்கல."

"இன்னும் மலையே ஏறலையேடி" என்றாள் அம்மா.

ஒன்பது இருபதுக்குச் சேலம் பஸ், ஐந்து ரூபாய். பத்து ஐம்பத்தைந்துக்குச் சேலம் சேர்ந்தது. மதியச் சாப்பாட்டைச் சேலத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது, ஆனால் அளவாகச் சாப்பிடுங்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மதியம் ஒன்றரை மணி பஸ்ஸில் மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு கொடுத்து ஏறினோம். ஆறாவது வளைவிலேயே காற்று மாறிவிடும். பத்தாவதுக்கு மேல் சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும் வரும். நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டு வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அப்பா என் பக்கம் சாய்ந்து, "அந்த லெட்டர ஒருக்கா காட்டு, ரூம் நம்பர் போட்டிருக்கான்னு பாப்போம்" என்றார். இறங்கியதும் காட்டுகிறேன் என்றேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏரி தெரிந்தது. பஸ் நிற்குமிடத்திலிருந்து ஓட்டல் கால் மணி நடை. வாசலில் ஒரு அம்பாசடர் கார் நின்றது. உள்ளே மெட்ராஸ் குடும்பம் ஒன்று சோபாவில் உட்கார்ந்திருந்தது. அறை காலியாகுமா என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

மேஜைக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர். என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவின் வேட்டியையும் அம்மா கையிலிருந்த தூக்குவாளியையும் பார்த்தார்.

"ரிசர்வேஷன் லெட்டர் குடுங்க."

"லெட்டர் இல்லைங்க. பை மாறிப்போச்சு. பேரு தமிழ்ச்செல்வி, அரியலூர். ரிஜிஸ்டர்ல இருக்கும், பாருங்க."

பின்னால் அம்மா மூச்சை இழுத்தது கேட்டது. அப்பாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். "பேரு இருக்கு. ஆனா நீங்கதான் அவங்கன்னு எப்படி நம்பறது? போன வாரம் ஒருத்தர் இப்படித்தான் வேற ஆளு பேரச் சொல்லி ரூம் வாங்கிட்டாரு. நெஜ ஆளு மறுநாள் வந்து நிக்கிறாரு. என் சம்பளத்துலதான் கை வெப்பாங்க." அவர் குரலில் திமிர் இல்லை, பயம்தான் இருந்தது. "வேற ஏதாவது காகிதம் இருக்கா?"

என்னிடம் இருந்தது பக்கத்து வீட்டு ரேஷன் கார்டு. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

சோபாவில் இருந்த அம்மாள், "நாலு மணிக்கு எங்களுக்குக் கொடுத்துடுவீங்க இல்லையா?" என்றார்.

எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. "நான் எழுதின லெட்டர் உங்க ஃபைல்ல இருக்குமில்லைங்களா?"

"இருக்கும்."

"அத எடுத்துக்குங்க, எங்கிட்ட காட்டாதீங்க. ஒரு வெள்ளத்தாளு குடுங்க. இங்கயே மறுபடி எழுதறேன். எழுத்தும் வார்த்தையும் ஒண்ணா இருந்தா ரூமக் குடுங்க. இல்லன்னா நாங்க போயிடறோம்."

அவர் யோசித்துவிட்டுத் தாளைக் கொடுத்தார். பதினோரு முறை எழுதிய கடிதம், கை தானாகவே ஓடியது. முதல் பத்தி, இரண்டாம் பத்தி. மூன்றாவது தொடங்கும் இடத்தில்தான் அதில் என்ன எழுதியிருந்தேன் என்பது நினைவு வந்தது. பேனாவை நிறுத்தினேன். அப்பா என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்தியை விட்டுவிட்டால் இரண்டு கடிதமும் ஒன்றாக இருக்காது.

எழுதினேன். 'என் தந்தைக்கு வெடிச் சத்தத்தால் இடது காது கேட்காது. இதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. எங்களுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது. ஆகையால் தங்கள் ஊழியர்கள் அவரிடம் பேசும்போது வலப்பக்கம் நின்று பேசும்படி வேண்டுகிறேன். காரணம் கூற வேண்டாம்.'

டை கட்டியவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். மூன்றாவது பத்திக்கு வந்ததும் விரல் நின்றது. பிறகு ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வெளியே வந்தார். அப்பாவின் வலப்பக்கம் போய் நின்றார்.

"ஐயா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. மாடி ரூமு, ஏரியப் பாத்தாப்ல இருக்கும்."

அப்பா கையெழுத்துப் போட்டார். அறைச் சாவியை அவரே வாங்கிக்கொண்டார்.

அறையைப் பற்றி: பெரிய கட்டில் இரண்டு, ஏரியைப் பார்த்த பால்கனி, காலை ஆறிலிருந்து எட்டு வரை வெந்நீர். கம்பளி கேட்டால் கூடுதலாகத் தருவார்கள். காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்ந்தது. தயிர் மட்டும் புளிப்பு.

மறுநாள் காலை படகில் போனோம். அரை மணிக்கு நபருக்கு இரண்டு ரூபாய். நான் பழக்கப்படி அப்பாவின் வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?" என்றார்.

"நாலு வருசமா."

"அவளுக்கு?"

எதிரே இருந்த அம்மா, "எனக்கு அதுக்கு முன்னாடியே" என்றாள்.

"அப்ப மூணு பேருமா சேந்து நாடகம் போட்டிருக்கோம்." அப்பா, படகுக்காரர் துடுப்புப் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பை மாறினது எங்க தெரிஞ்சுது?"

"ஆத்தூர்ல."

"ஆத்தூர்லயிருந்து வாயத் தொறக்கல" என்றார். குறையில்லாமல் கூட்டிவர வேண்டும் என்பது பேச்சு. குறை நடந்துவிட்டது. மறைத்தும் இருந்தேன். அன்று பகோடா முனைக்கும் லேடீஸ் சீட்டுக்கும் போனோம், இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள், சாயங்காலம் போனால் மேகம் மூடிவிடும். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கீழே இறங்கும் பஸ். இரவு ஏழுக்கு அரியலூர். கோயம்புத்தூர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சரோஜா அக்கா வாசலிலேயே நின்றார். "வாடி. ஏற்காடு பாத்துட்டு வந்த மொத ரேஷன் கார்டு எங்களுதுதான். சக்கர போச்சு, போவட்டும். குளுரு எப்படின்னு கார்டக் கேட்டுக்கறேன்." எங்கள் பை பக்கத்து ஆணியில் தொங்கியது. கடிதம் உள்ளே பத்திரமாக இருந்தது.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. மூன்று பேருக்கு, இரண்டு இரவுக்கு, எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளலாம். மே மாதமானாலும் ஸ்வெட்டர் தேவை. ஓட்டலுக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் கடிதத்தை இடுப்பில் செருகியாவது உங்களோடு கொண்டுபோங்கள். பரஸ்தானம் வைப்பதாக இருந்தால் அதில் துணி வையுங்கள், காகிதம் வேண்டாம்.

இது எங்கள் வீட்டில் இப்போது நடைமுறையாகிவிட்டது. ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, அப்பா மஞ்சப்பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினார். பையின் காதில் சிவப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார், வெடித் திரி கட்டுகிற முடிச்சு. எங்கே என்று அம்மா கேட்டாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. மேக்க சூலம். கோயம்புத்தூரு மேக்கதான இருக்கு?"

அம்மா பையை வாங்கிப் பிரித்தாள். உள்ளே அவருடைய துண்டு இருந்தது. "போறது அவ. உங்க துண்ட எதுக்கு வெக்கிறீங்க?"

"திருச்சி ரயிலடி வரைக்கும் நானும் போறேன்" என்றார் அப்பா. பிறகு என்னிடம் திரும்பி, வலது காதை என் பக்கம் கொடுத்து, "ஆர்டரு உன் கையில இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.