நஸ்லியா கேட்டு வாங்கிய பதவி

செய்தி குரல்பதிவாக வந்தது. மகளுக்குக் காய்ச்சலோ என்று கழுத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளில் பத்துத் தடவை அப்படிப் பார்ப்பவள் நான். பேசியது நஸ்லியாவின் தங்கை. "அக்கா, எங்கட தாத்தா மவுத்தாயிட்டாங்க. டெங்கு. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." அவர்கள் வீட்டில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். அது தெரிந்திருந்தும், வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைக்க ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன்.

பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு அவள் ஊரான உக்குவளைக்கு பஸ் ஏறினேன். வீட்டில் கூடியிருந்த பெண்கள், அவள் பொறுமையான பிள்ளை என்று சொல்லி அழுதார்கள். எங்கள் கம்பனியின் மாத்தளைக் கிளையில் அவளோடு வேலை செய்த நண்பர்களே, நீங்கள் அதை நம்பமாட்டீர்கள். பொறுமை இருந்திருந்தால் அவள் கடைசிவரை தரவு பதிகிறவளாகவே இருந்திருப்பாள்.

அவளுக்குப் பட்டம் இல்லை. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இஸட் புள்ளி மாவட்டத்து வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. நான் கெம்பஸ் முடித்துப் பொறியியலாளராக வந்தேன். அவள் பக்கத்து மேசையில் படிவங்களைப் பதிந்துகொண்டு, இடைவேளையில் என் நிரல்களில் பிழை பிடிப்பாள். "இத எழுதினது நீங்களா, ஒங்கட மகளா?" என்பாள். மகளுக்கு அப்போது நான்கு மாதம்.

சோற்றுப் பொதியைப் பிரித்தால் எங்களுக்குள் அனிமே சண்டை தொடங்கிவிடும். அவளுக்குப் பிடித்த ஜப்பானியத் தொடர் எனக்குத் தூக்கம் வரவைக்கும். என்னுடையது அவளுக்குச் சிரிப்பு. அந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் அவளுடைய மென்பொருள். இருவர் தாங்கள் பார்த்த தொடர்களுக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட வேண்டும். திரையில் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் மற்றவர். ஒரே தொடருக்கு இருவர் போட்ட புள்ளிகளை ஒரு கோடு இணைக்கும். ரசனை ஒத்துப்போனால் கோடு மட்டமாகப் பச்சையில் ஓடும். இல்லாவிட்டால் சரிந்து சிவக்கும்.

அந்த வருடம் ஓர் அறிவித்தல் வந்தது. ஊழியர்கள் சொந்தமாகச் செய்த ஏதாவதொன்றைக் காட்டலாம், சிறந்ததைச் செய்தவர் பொறியியலாளராக எடுக்கப்படுவார், பட்டம் கேட்கப்படாது. நஸ்லியா அதை அச்செடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவற்றைப் பார்க்கக் கண்டியிலிருந்து வந்த மேலதிகாரி, எங்கள் பெரிய சேர், பள்ளி விடுமுறையில் இருந்த தன் மகளையும் கூட்டிவந்திருந்தார். இருவரும் வீட்டில் சேர்ந்து அனிமே பார்ப்பவர்கள் என்று தெரிந்ததும் நஸ்லியா அவர்களையே உட்காரவைத்துப் புள்ளி போடச் சொன்னாள். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு கோடுகூட மட்டமாக இல்லை.

"பாத்தீங்களா டாடி, நமக்குள்ள ஒண்ணுமே ஒத்துப்போகல!" என்றாள் மகள். எல்லாரும் சிரித்தார்கள்.

சேர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணா ரசிச்சுத்தானே பாத்தோம். நான் அஞ்சு குடுத்தா அது ரொம்ப நல்லதுன்னு அர்த்தம்."

நஸ்லியா பட்டியலைப் பார்த்தாள். அவர் ஐந்தைத் தாண்டவே இல்லை; மகள் எட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. என் பக்கம் திரும்பினாள். "புள்ள, கஷ்டமான பேப்பரையும் லேசான பேப்பரையும் மார்க்க வெச்சு ஒப்பிட ஏலாதுன்னுதானே இஸட் புள்ளி பாக்கிறாங்க? மனுசனும் அப்பிடித்தான். என்னைய கெம்பஸுக்கு விடாத அதே கணக்கு."

நான் அவள் காதருகே குனிந்தேன். "இப்ப கை வைக்காதடி. உள்ளதும் போயிரும்."

"உள்ளது பிழை. போனா போகட்டும்." அவர் பக்கம் திரும்பி, "சேர், டீ குடிச்சிட்டு வாங்க. இருவது நிமிஷம்" என்றாள்.

ஒவ்வொருவரும் வழக்கமாகப் போடும் சராசரியிலிருந்து ஒரு தொடர் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று கணக்கு மாறியது. அவள் தட்டினாள்; நான் வரி வரியாகச் சரிபார்த்தேன். அவர்கள் திரும்பிவந்து பார்த்தபோது, பன்னிரண்டு கோடுகளில் பத்து பச்சையாகி மட்டமாகக் கிடந்தன. தகப்பனும் மகளும் திரையைவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ கைதட்ட, அறையே தட்டியது.

"கெட்டிக்காரி. உதவியாளரா எடுத்துக்குவோம்," என்றார் சேர். "பட்டம் இல்லைதானே."

நானாயிருந்தால் அதற்கே நன்றி சொல்லியிருப்பேன். நஸ்லியா கைப்பையைத் திறந்து அந்தத் தாளை மேசையில் வைத்தாள். "பட்டம் கேக்க மாட்டோம்னு போட்டிரிக்கி சேர். பொறியியலாளர்னும் போட்டிரிக்கி. இந்தக் கணக்குல எது உதவியாளர் செஞ்ச வேல? காட்டுங்க."

சேர் தாளை எடுத்துப் படித்தார். மகள்தான் பேசினாள். "டாடி, அஞ்சு குடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஆறு குடுக்கிறேன்." அடுத்த வாரம் கடிதம் வந்தது. பதவி: மென்பொருள் பொறியியலாளர். நஸ்லியா அதை ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினாள். மூன்றாம் தடவை என் மேசைக்கு வந்தபோது, "போதும்டி, மனப்பாடமாயிருச்சு" என்றேன். "எனக்கு இன்னும் ஆகல்ல" என்றாள்.

என் மகளைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டு ஒன்றரை வருடமாகிறது. திரும்பி வருவதாயிருந்தால் ஒரு படி கீழேதான் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சரி என்று பதில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். உக்குவளையிலிருந்து வந்த அன்று அதை அழித்தேன். என் பழைய பதவியைக் கேட்டு, நான் செய்த வேலைகளை வரிசையாக எழுதி, இவற்றில் எது கீழ்ப்படியில் இருக்கிறவள் செய்தது என்று கேட்டேன். நேற்றுப் பதில் வந்தது. பழைய பதவி, பழைய மேசை, திங்கட்கிழமை முதல். நஸ்லியாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அப்படிக் கேட்கிற வாய். அதை நான் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.