புத்தகத்தில் இல்லாத பேர்

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேனா, கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். நம்பர் போட்டுத்தான் கூப்பிடுவார்களாம். என் நம்பர் எப்போதோ போய்விட்டது. நான்பாட்டுக்கு, யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன்! "அப்பாவுக்கு மறதி வந்திருச்சு," என்றாள் மகள். மறதியாவது மண்ணாவது. எனக்குத் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டு ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் புதுக் கணக்கப்பிள்ளை. விடிகாலைப் பனியில் பெரட்டுக்களத்தில் நின்று, ஆட்களின் பேரை வாசித்து மலைக்குப் பிரித்து அனுப்புவேன். மீசை சரியாக முளைக்காத குறையைக் குரலில் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கம்மாவின் பேர் பெரட்டுப் புத்தகத்தில் இல்லை. பறித்த கொழுந்தை எங்கே கொட்டுவது என்றுகூடத் தெரியாத அளவுக்கு மறதி முற்றியதால் பேரை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் அந்த அம்மா தினமும் கூடையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். பேர் கூப்பிடாமல் நகரமாட்டார். வேலையை விட்டு நின்றுவிட்ட அவர் புருஷன் முத்துசாமி என்னிடம் வந்தார். "எல்லாப் பேருக்கும் கடைசியா தெனமும் ஒருவாட்டி சும்மா பேரச் சொல்லிருங்கய்யா. பேசாம வந்துரும்."

சொன்னேன். "இருக்கேங்க!" என்பார் அங்கம்மா, முகமெல்லாம் மலர்ந்து. முத்துசாமி கையைப் பிடித்துத் தேயிலைக்குள் ஒரு சுற்று நடத்தி, "வேல முடிஞ்சிருச்சு புள்ள," என்று லயத்து வீட்டுக்குக் கூட்டிப்போவார்.

ஒருநாள் தோட்டத்து மேனேஜர், பெரிய துரை, வந்து என் பக்கத்திலேயே நின்றார். இல்லாத பேரை வாசித்தால் வேலை போய்விடுமே! விட்டுவிட்டேன். எல்லோரும் கலைந்த பிறகும் அங்கம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முத்துசாமி சற்று அசந்த நேரத்தில் ஆளைக் காணவில்லை.

மத்தியானம்தான் கண்டுபிடித்தோம். கவ்வாத்து வெட்டிய மலையில், இலையே இல்லாத மொட்டைக் கம்புகளில் கொழுந்து தேடிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் ரத்தம். "பேரு இல்லாட்டியும் வேல செய்வேங்கய்யா. வெரட்டிறாதீங்க," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன கோழைப்பயல் நான்!

மறுநாளும் துரை வந்து நின்றார். எல்லாப் பேரும் முடிந்ததும் அங்கம்மாவின் பேரையும் வாசித்தேன்.

"இருக்கேங்க!"

துரை புத்தகத்தைப் பார்த்தார், அங்கம்மாவின் கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தார். "எங்க ஆளுதாங்க தொர," என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அங்கம்மா கண்மூடும்வரை, இரண்டு வருஷம், ஒருநாள் விடாமல் வாசித்தேன். முத்துசாமியும் போய்விட்டார். பெரட்டுக்களத்தில் இப்போது லொறி நிறுத்துகிறார்கள். நேற்று அந்தப் பேர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன், பாதிகூட வரவில்லை. மகள் சொன்னது சரிதான் போலிருக்கிறது. புத்தகத்தில் இல்லாத அந்த ஒரு பேர் மட்டும் வந்தது. வாய்விட்டே கூப்பிட்டேன். இருக்கேங்க என்று சொல்லத்தான் ஆளில்லை.